தொழிற்பாடம் எழுத உட்காரும் முன் மலைக்கு வாருங்கள்

கேரள மாநிலக் கல்வி ஆராய்ச்சி பயிற்சி நிறுவனத்தில் தொழிற்கல்வி மேல்நிலைப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கும், பொதுக் கல்வித் துறையின் தொழிற்கல்விப் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை புதிய பாடப்புத்தகங்கள் 2024, 2025 ஆகிய இரண்டு கல்வியாண்டுகளில் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளின் தொழிற்பாடங்களை நீங்கள் கையில் எடுக்கும்போது ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். இடுக்கி மலையில் நடக்கிற வேலைகளுக்குப் பாடம் எழுதுவதற்கு முன்னால், அந்த வேலையைச் செய்கிறவர்களை இரண்டு நாள் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். அவர்கள் சொன்னதை வைத்துப் பாடம் எழுதுங்கள். எழுதிய பாடத்தைத் தமிழிலும் கொடுங்கள்.

நான் வண்டிப்பெரியாரில் பட்டறை வைத்திருப்பவன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களின் டிரையர், மருந்தடிக்கும் பம்ப், ஃபேக்டரி மோட்டார், தேயிலை ரோலர் என்று எது வந்தாலும் பார்ப்போம். தொழிற்கல்விப் பள்ளிகளிலிருந்து பயிற்சிக்காகப் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலும் லயத்துப் பிள்ளைகள், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்தோ கம்பம், போடிப் பக்கமிருந்தோ மலையேறிய குடும்பங்கள். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்கள். அவர்கள் கொண்டுவரும் புத்தகங்களை நான் முழுக்கப் படித்துப் பார்த்திருக்கிறேன். படித்த பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

புத்தகத்தில் உள்ளவை தப்பு என்று சொல்ல வரவில்லை. 1983-84இல் 19 பள்ளிகளில் தொடங்கிய தொழிற்கல்வி மேல்நிலைப் படிப்பு இன்று 389 பள்ளிகளில் நடக்கிறது. அதற்குப் பின்னால் எத்தனையோ ஆசிரியர்களின் உழைப்பு இருக்கிறது. 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்த பிறகு, ஒவ்வொரு படிப்பும் ஒரு வேலைப் பெயரோடு இணைக்கப்பட்டது. கேரளத்தில் 2018-19 முதல் பள்ளிகள் படிப்படியாக அந்த முறைக்கு மாறின. வேலையின் பெயர், அதில் செய்ய வேண்டியவை, தெரிந்திருக்க வேண்டியவை எல்லாம் துறைவாரியான திறன் கவுன்சில்கள் எழுதிய தரங்களிலிருந்து வருகின்றன. அவை நாடு முழுமைக்கும் பொதுவானவை. ராஜஸ்தானில் சொட்டுநீர்க் குழாய் போடுகிறவனுக்கும் ஏலப்பாறையில் போடுகிறவனுக்கும் ஒரே தரம் இருப்பதில் நியாயம் உண்டு. ஆனால் பொதுத் தரம் என்பது ஓர் எல்லைக்கோடு மட்டும்தான். அதற்குள்ளே இந்த மலையில் என்ன வேலை நடக்கிறது, எதில் கை போகிறது, எதில் காசு நிற்கிறது, எதில் உயிர் போகிறது என்பதை நிரப்ப வேண்டிய பொறுப்பு உங்களுடையது. அதை நிரப்புவதற்காக என் பட்டறைக்கோ, நான் பழகும் ஸ்டோர்களுக்கோ, ஃபேக்டரிகளுக்கோ இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை.

என்ன நிரப்ப வேண்டும் என்பதற்கு ஒரு வேலையை விளக்கமாகச் சொல்கிறேன்.

தேயிலை ஃபேக்டரியில் சி.டி.சி. ரோலர் உண்டு. எதிரெதிராகச் சுற்றும் இரண்டு உருளைகள். ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 70 சுற்று, மற்றது 700 சுற்று. வாட்டிய கொழுந்து நடுவில் விழுந்ததும் அந்த வேக வித்தியாசத்தில் வெட்டுப்பட்டு, கிழிந்து, சுருண்டு வெளியே வரும். உருளையின் மேல் அங்குலத்துக்கு 8 அல்லது 10 பல். அந்தப் பல்லில்தான் ஃபேக்டரியின் பிழைப்பே இருக்கிறது. பல் மழுங்கினால் இலை வெட்டுப்படாமல் நசுங்கும், சூடேறும், தூளின் நிறமும் சாரமும் போகும், ஏலத்தில் விலை இறங்கும். அதனால் இத்தனை மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்து ரோலரைக் கழற்றி மில்லிங், சேசிங் என்று இரண்டு முறை பல் வெட்டித் தீட்டுவோம். தீட்டி முடித்து மாட்டும்போது இரண்டு ரோலரின் பல்லும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே இடைவெளியில் நிற்க வேண்டும். நல்ல ஃபிட்டர் பின்னாலிருந்து டார்ச் அடித்து நடுவில் வரும் வெளிச்சத்தைப் பார்ப்பார். வெளிச்சம் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால் திரும்பவும் திருகைப் பிடிப்பார். பிறகு கையால் சுற்றிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கரண்ட்.

இந்த வேலையில் எத்தனை பாடம் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுக்குப் பத்து என்ற விகிதம் கணக்குப் பாடம். எஃகு எதனால் மழுங்குகிறது என்பது உலோகப் பாடம். கொழுந்தோடு ஒரு கல்லோ ஆணியோ வந்துவிட்டால் பல் உடைந்துவிடும் என்பதால் முன்னாலேயே சல்லடையும் காந்தமும் வைப்பது தடுப்புப் பராமரிப்புப் பாடம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பழக்கம் இருக்கிறது. மெயின் ஸ்விட்சை அணைத்து, ஃபியூஸைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே ரோலரில் கைவைக்க வேண்டும். என்னைப் பழக்கிய மேஸ்திரி முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது ஒன்றைத்தான். இதைத் தவறவிட்டு விரல் போனவர்கள் எங்கள் வட்டாரத்தில் இருக்கிறார்கள். நான் பார்த்த பயிற்சிக் கையேட்டில் பாதுகாப்பு என்ற அத்தியாயத்தில் தலைக்கவசம், கையுறை, தீயணைப்பான் எல்லாம் படத்தோடு இருந்தன. சுற்றுகிற உருளைக்குப் பக்கத்தில் கையுறை போடவே கூடாது என்பது இல்லை. கையுறையின் நுனி சிக்கினால் கையையே இழுத்துவிடும். இதைச் சொல்ல ஃபேக்டரியில் நின்ற ஒருவர் எழுதுகிற மேசையில் இருந்திருக்க வேண்டும்.

ஏலக்காய் ஸ்டோர் கதையும் இதுதான். பச்சைக் காயில் 80 விழுக்காட்டை ஒட்டி ஈரம். காய்ந்த காயில் 10 விழுக்காட்டை ஒட்டி நிற்க வேண்டும். 100 கிலோ பச்சைக் காயில் 20 கிலோதான் திடப்பொருள் என்றால், 10 விழுக்காடு ஈரத்தோடு கையில் கிடைப்பது 22 கிலோவை ஒட்டி வரும். நடைமுறையில் ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ என்று எங்கள் ஆட்கள் வாய்க்கணக்காகச் சொல்வது இதைத்தான். லயத்தில் வளரும் பிள்ளைக்கு விழுக்காட்டைச் சொல்லித்தர இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது. ஸ்டோர்க்காரர் சூட்டை ஐம்பது டிகிரியை ஒட்டி நிறுத்தி, முதல் சில மணி நேரம் ஆவிப் போக்கியைத் திறந்தே வைப்பார். ஆவி உள்ளே தங்கினால் காயின் பச்சை போய்விடும். சூடு ஏறினால் காய் வெடிக்கும், எண்ணெய்ச் சத்து பறக்கும். ராத்திரி முழுக்க விழித்திருந்து வாசனையை வைத்தும், ஒரு பிடி காயைக் குலுக்கிக் கேட்கும் சத்தத்தை வைத்தும் எப்போது இறக்கலாம் என்று முடிவெடுப்பார். சூட்டுமானி பார்க்கவும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும், இந்தச் சத்தமும் தெரிய வேண்டும். அப்படி உலர்ந்த காய்தான் புற்றடிக்கும் போடிக்கும் ஏலத்துக்குப் போகிறது. காயைத் தரம் பிரிக்கும் பெண்கள் எட்டு மில்லி, ஏழு மில்லி என்று சல்லடை போடும் முன்பே கண்ணால் சொல்லிவிடுவார்கள். அவர்களில் ஒருவரையாவது எந்தப் பாடக் குழுவாவது அழைத்துப் பேசினால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

மருந்தடிப்பும் இதில் சேர வேண்டும். மருந்து எச்சம் அதிகமென்று வெளிநாட்டில் நம் ஏலக்காய் திருப்பியனுப்பப்பட்ட செய்திகள் உங்களுக்கும் தெரியும். எந்த மருந்தை எத்தனை நாள் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும், அடித்து எத்தனை நாள் கழித்துக் காய் எடுக்கலாம், அடிக்கிற ஆள் என்ன உடுத்த வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு ஒரு பிள்ளை தோட்டத்துக்கு வந்தால், தோட்டமே திருந்தும்.

கேட்டு எழுதுவது எப்படி என்பதற்கு நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தொழிற்கல்விக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த டேக்கம் என்ற முறை இருக்கிறது. 1960களின் இறுதியில் கனடாவில் உருவாகி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் வழியாகப் பல நாடுகளுக்குப் பரவியது. ஒரு வேலையில் கைதேர்ந்த 5 முதல் 12 பேரை ஓர் அறையில் இரண்டு நாள் உட்கார வைக்கிறார்கள். நடத்துபவர் ஒருவர் கேள்வி கேட்பார், தன் கருத்தைத் திணிக்க மாட்டார். காலையில் வந்ததும் முதலில் என்ன செய்வாய், அடுத்து என்ன, எந்தக் கருவி, எது தப்பினால் என்ன ஆகும் என்று கேட்டு, ஒவ்வொரு செயலையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். ரோலரைக் கழற்று, பல்லின் தேய்மானத்தை அள, இடைவெளியைச் சரிசெய் என்று ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்து மதிப்பிடக்கூடிய செயலாக இருக்க வேண்டும். இரண்டு நாள் முடிவில் அந்த வேலை முழுக்கச் சுவரில் நிற்கும். ஒரு வேலையை விவரிக்க அதைச் செய்கிறவரைவிடத் தகுதியானவர் வேறு யாருமில்லை என்பதுதான் இந்த முறையின் அடிப்படை.

அந்தப் பட்டியலை வேறு தொழிலாளிகளிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு உங்கள் வேலை தொடங்குகிறது. எந்தச் செயல் அடிக்கடி வரும், எது கற்கக் கடினம், எது தப்பினால் ஆபத்து என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெல்ட் மாட்டுவது தினமும் வரும், சுலபமும்கூட. அதைப் பயிற்சிக்கு வரும் இடத்தில் நாங்கள் சொல்லிக்கொடுத்துவிடுவோம், வகுப்பு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஃபியூஸைக் கழற்றிப் பையில் போடும் பழக்கம் பரீட்சையில் வராது, ஆனால் உயிர் காக்கும். அது பள்ளியில் முதல் வாரத்திலேயே கையில் ஏறிவிட வேண்டும். நீங்கள் மட்டும் செய்ய முடிந்ததும் ஒன்று இருக்கிறது. மேஸ்திரிக்குத் தெரிவது எப்படிச் செய்வது என்பது. அது ஏன் அப்படி என்பதற்கு இயற்பியலும் வேதியியலும் வேண்டும், அதற்கு ஆசிரியர் வேண்டும். ஏன் என்பதை விட்டுவிட்டுப் பாடம் எழுதினால் பிள்ளையை மீண்டும் லயத்துக்கே அனுப்புகிற படிப்பாகிவிடும். தொழிற்கல்வி என்றதும் எங்கள் பெற்றோர் தயங்குவது இந்தப் பயத்தினால்தான். என் பட்டறைக்கு வரும் பிள்ளை நாளை பாலிடெக்னிக் போக நினைத்தால் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஒரு கணக்கைச் சொல்கிறது. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் 19 முதல் 24 வயது வரையுள்ள தொழிலாளர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஜெர்மனியில் 75, தென்கொரியாவில் 96. அந்த எண்ணை மேடைகளில் நிறையக் கேட்கிறோம். அவர்கள் பாடத்தை எப்படி எழுதுகிறார்கள் என்பதை அவ்வளவாகக் கேட்பதில்லை. ஜெர்மனியில் 1969இன் தொழிற்பயிற்சிச் சட்டத்துக்குப் பிறகு, ஒரு தொழிலின் பயிற்சி விதிகளைத் திருத்தும்போது முதலாளிகள் தரப்பும் தொழிற்சங்கத் தரப்பும் அரசோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்கிறார்கள். அமெரிக்காவின் 2018 சட்டத் திருத்தமும், அரசுப் பணம் வாங்கும் தொழிற்கல்வித் திட்டங்கள் இரண்டு ஆண்டுக்கொருமுறை உள்ளூர்த் தேவையை ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்கிறது. இடுக்கியில் தொழிற்சங்கம் இல்லாத எஸ்டேட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சங்கக்காரர்களைப் பாடக் குழுவுக்கு அழைப்பது நமக்குப் புதுப் பழக்கமாக இருக்கலாம், கடினமான காரியமாக இருக்காது.

கூட்டத்தைத் திருவனந்தபுரத்தில் வைக்காதீர்கள். குமுளியிலோ நெடுங்கண்டத்திலோ வையுங்கள். ஏலக்காய் எடுப்பு முடிந்து ஸ்டோர்கள் ஓய்ந்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் வையுங்கள், ஆசிரியர்களுக்கும் அப்போது விடுமுறை. மழைக்காலத்தில் கூப்பிட்டால் ஏலக்காய் எடுக்கிற நேரம், ஸ்டோர்க்காரர் எவரும் வர மாட்டார். வருகிறவர்களுக்கு இரண்டு நாள் கூலியும் ஜீப் செலவும் சாப்பாடும் கொடுங்கள். நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பேச ஒரு பெண் தொழிலாளியை அழைப்பது நியாயமில்லை. அலுவலர்களுக்குக் கூட்டப்படி கொடுப்பதைப் போல இவர்களுக்கும் கொடுத்தாக வேண்டும். கம்பம், போடியிலிருந்து தினமும் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்பில் வந்து போகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை இங்கே, வீடு அங்கே என்பதற்காக அவர்களை விட்டுவிட வேண்டாம்.

இனி மொழி. இதைக் கோபத்தில் எழுதவில்லை, மிகுந்த கவலையோடு எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு பையன் பயிற்சிக்கு வந்திருந்தான். நல்ல பையன், கேட்டதைக் கேட்டபடி செய்வான். ஒரு எஸ்டேட் பம்ப் ஹவுஸுக்கு அழைத்துப் போனேன். மரக்கிளை விழுந்து மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போயிருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் சுற்றாமல் முனகியது. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பக்கத்திலிருந்த பம்ப் ஆபரேட்டர் அக்கா ஓடிவந்து ஸ்விட்சை இறக்கினார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மோட்டாரின் கம்பிச்சுற்று எரிந்திருக்கும். திரும்பி வரும்போது கேட்டேன், இதைப் பாடத்தில் படித்திருக்கிறாயா என்று. படித்திருந்தான். இங்கிலீஷில் அதன் இலக்கணத்தை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தான். மற்ற இரண்டு பேஸும் அந்தச் சுமையைத் தாங்க முயன்று அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கும், அதில்தான் சூடேறி எரியும் என்று தமிழில் சொன்னதும், தானாகவே ஒரு தாளை எடுத்துப் படம் போட்டு, இதைத் தடுக்கத்தானே அண்ணே அந்த ரிலே என்று கேட்டான். அறிவில் எந்தக் குறையும் இல்லை. பத்து வருஷம் தமிழில் யோசித்த பிள்ளையைப் பதினொன்றாம் வகுப்பில் திடீரென்று மனப்பாடத்துக்குத் தள்ளிவிட்டோம்.

அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு தாய்மொழி வழிக் கல்வியைத் தொடக்கப் பள்ளியோடு நிறுத்திக்கொள்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேரள அரசு தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு வரை தமிழில் புத்தகம் அச்சிட்டுத் தருகிறது. அதை நன்றியோடு சொல்கிறேன். அதற்கு மேல் இரண்டு வருஷம்தான் கேட்கிறோம். வெறுங்கையோடு தொடங்கவும் தேவையில்லை. சென்னை கிண்டியில் உள்ள தேசியப் பயிற்றுக் கருவி நிறுவனமான நிமி, ஐ.டி.ஐ. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் புத்தகங்களைத் தமிழில் வெளியிடுகிறது. தமிழ்நாட்டின் மேல்நிலைத் தொழிற்பாடப் புத்தகங்களும் தமிழில் இருக்கின்றன. பொது அத்தியாயங்களுக்கு அவற்றைப் பார்த்துக்கொண்டு, தேயிலை, ஏலக்காய், மிளகு, பம்ப், டிரையர் அத்தியாயங்களை மட்டும் இங்கேயே எழுதினால் போதும். கலைச்சொல் தேடி யாரும் சிரமப்பட வேண்டாம். பேரிங்கை பேரிங் என்றே எழுதுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும். இங்கிலீஷும் அவர்களுக்கு வேண்டும்தான், மெஷினோடு வரும் கையேட்டைப் படிக்கிற அளவுக்கு அதைத் தனியாக, நன்றாகச் சொல்லிக்கொடுங்கள். வினாத்தாள் இரண்டு மொழியிலும் இருக்கட்டும்.

பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை. செய்முறைத் தேர்வில் படம் வரையச் சொல்லி மார்க் போடுவதோடு நின்றுவிடாமல், பழுதான மோட்டாரையோ பம்பையோ முன்னால் வைத்து, என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேளுங்கள். பழுதான பொருளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, என் பட்டறையிலிருந்தே எடுத்துத் தருகிறேன். மதிப்பிட வருகிறவர்களில் ஒருவர் அந்தத் தொழிலில் இருப்பவராக இருக்கட்டும்.

ஆசிரியர்களையும் மறக்காதீர்கள். தொழிற்பாட ஆசிரியர் பலர் பட்டம் முடித்து நேராக வகுப்புக்கு வந்தவர்கள். அவர்களில் சிலர் பிள்ளைகளோடு என் பட்டறைக்கு வரும்போது கிரீஸில் கைவிட்டுத் தாங்களும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். அதற்கு அவர்களுக்கு நேரமும் அனுமதியும் இல்லை. வருஷத்தில் சில வாரம் ஃபேக்டரியிலோ ஸ்டோரிலோ நிற்பதைப் பணிக்காலமாகக் கணக்கிட்டு உத்தரவு போடுங்கள். மைலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி மையமும், சாந்தன்பாறையில் க்ருஷி விக்யான் கேந்திரம் என்ற வேளாண் அறிவியல் நிலையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. தோட்டத்தில் என்ன மாறிவருகிறது என்பதை அங்கேயிருப்பவர்கள் ஆசிரியர்களுக்குச் சொல்வார்கள்.

2000ஐ ஒட்டி பீர்மேட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டங்கள் பூட்டப்பட்டபோது, கையில் வேறு தொழில் இல்லாமல் குடும்பங்கள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தவன். ரோலர் தீட்டத் தெரிந்தவன் திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ லேத் பட்டறையில் சேர்ந்து பிழைத்தான். கொழுந்து கிள்ள மட்டும் தெரிந்தவருக்குப் போக இடமில்லை. பெண்களுக்கு அந்தக் கதவு அன்றைக்கு இல்லவே இல்லை. இன்றைக்கு எங்கள் பெண் பிள்ளைகளும் ஸ்பேனர் பிடிக்க வருகிறார்கள். அவர்களுக்கு ஒதுக்குகிற படிப்பு எதுவென்று பாடத்திட்டம் முன்கூட்டியே தீர்மானித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரும் ஏப்ரலில் முதல் இரண்டு நாள் கூட்டத்தை ஏல ஸ்டோர் வேலைக்கு வையுங்கள். ஸ்டோர்க்காரர், டிரையர் மெக்கானிக், காய் எடுக்கும் பெண்கள், தரம் பிரிக்கும் பெண்கள், மருந்தடிப்பவர் என்று ஆட்களைத் திரட்டித் தருவது என் பொறுப்பு. இடம் வேண்டுமென்றால் என் பட்டறையின் மேல்மாடி காலியாக இருக்கிறது, அட்டை ஒட்டப் பெரிய சுவரும் இருக்கிறது. தேதியை ஒரு மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள், அவரவர் முதலாளியிடம் லீவு கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வண்டிப்பெரியார் பட்டறைத் தொழிலாளி ஒருவன்